ஆண்டறிக்கை: சங்கத்து புல்லட்டும் திரும்பி வராத புல்லரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பழைய வண்டியை விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது மோட்டார் சைக்கிள் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

இந்த ஆண்டில் செயற்குழு 6 முறை கூட்டப்பட்டது. 4 முறை கூடியது. மற்ற இரண்டு முறையும் தலைவரும் பொருளாளரும் நானும் மட்டுமே வந்திருந்தபடியால், கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கலைந்தோம். கூட்டுப் பயணம் ஒருமுறை நடைபெற்றது. ட்யூப் கழற்றிப் பஞ்சர் ஒட்டும் பயிற்சி ஒரு நாள் நடைபெற்றது. இரண்டும் நல்லபடியாக முடிந்தன.

கூட்டுப் பயணத்துக்கு 26 வண்டிகள் வந்தன என்பதையும், மாதத்தின் முதல் ஞாயிறு நடக்கும் பராமரிப்பு வகுப்புக்கு எந்த மாதமும் ஐந்து பேருக்கு மேல் வந்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்வது என் கடமை. வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆர்வத்தில் ஒரு பங்காவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் செட்டிங் கற்றுக்கொள்வதில் இருந்திருந்தால், அந்தப் பயணத்தின்போது வழியில் நின்றுபோன நான்கு வண்டிகளையும் நானே குனிந்து பார்க்க வேண்டிய நிலை வந்திருக்காது. வால்வைத் தள்ளும் புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, இஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே பார்க்க வேண்டும்: இவ்வளவுதான் விஷயம். இதை மூன்று ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

இனி, பலரும் வாய்மொழியாகவும் சிலர் எழுத்து மூலமாகவும் என்னிடம் கேட்டிருக்கும் சங்கத்து வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவர் நமக்குத் தந்துவிட்டுப் போன 350 சிசி புல்லட்டைப் பயிற்சி வண்டியாக 12 ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். 1950களின் நடுவில் மதராஸில் தொடங்கிய தயாரிப்பில், 70 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டர் விட்டம்) 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட அந்த 346 சிசி இஞ்சினின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் இருந்ததால், திறந்து காட்டிக் கற்றுக்கொடுக்க இதைவிட ஏற்ற வண்டி கிடைக்காது என்றுதான் அன்றைய செயற்குழு முடிவு செய்தது. அந்த வண்டி இந்த ஆண்டில் ஏழு மாதம் பிரித்த நிலையில் கிடந்தது உண்மை. சங்க நிதியில் பெரும்பகுதி அதற்கே செலவானதும் உண்மை. ஏன் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆயில் பம்ப்பைக் காட்டுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை, இஞ்சினின் பக்கவாட்டில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் டைமிங் கவரைத் திறந்தோம். பம்ப்பிலிருந்து வரும் எண்ணெய் அந்தக் கவரின் உள்வழியாகத்தான் கிரேங்க், அதாவது பிஸ்டனால் சுழற்றப்படும் தண்டின் முனைக்குள் நுழைந்து, கனெக்டிங் ராடு அதோடு சேரும் பிக் எண்டுக்குப் போகிறது. கவரும் கிரேங்க் முனையும் சேருமிடத்தில், சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு கார்க் சீல் இருக்கிறது. கவரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதைப் புதிதாக மாற்ற வேண்டும் என்பதால், புதியதை முன்னதாகவே ஒரு டப்பா மூடியில் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டிருந்தேன். கவரை மூடப் போகும் நேரத்தில், கூட்டுப் பயணம் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று கேட்டு அடுத்தடுத்து மூன்று உறுப்பினர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நேரம் சுற்றறிக்கையில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. பேசி முடித்துவிட்டு வந்து கவரை மூடினேன். மூடியது நான்தான், அதை மறைக்கவில்லை.

வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆயில் டேங்கின் மூடியைத் திறந்து, எண்ணெய் திரும்பி வருகிறதா என்று எல்லாரும் எட்டிப் பார்த்தோம். வந்தது. ஆனால் சீல் இல்லாவிட்டாலும் அது வரத்தான் செய்யும். கிரேங்க்குக்குள் போக வேண்டிய எண்ணெய் டைமிங் அறையிலேயே கொட்டி, கீழே இறங்கி, ரிட்டர்ன் பம்ப் வழியாக ஒழுங்காக டேங்குக்குத் திரும்பிவிடும். பிக் எண்ட் மட்டும் காய்ந்து கிடக்கும். அந்தப் பழைய இஞ்சினின் பிக் எண்டில் இருப்பது ரோலர் பேரிங் அல்ல, எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழலும் புஷ். எண்ணெய் இல்லாமல் அது தாங்காது. அடுத்த இரண்டு ஞாயிறுகள் வண்டி ஓடியது. மூன்றாவது ஞாயிறு, மேட்டில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது கீழேயிருந்து டொக் டொக் என்று கேட்டது. திரும்பி வந்து மேசையைப் பார்த்தால், புதிய கார்க் சீல் அதே டப்பா மூடியில் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

பிழை எங்கிருந்து தொடங்கியது என்பதை உறுப்பினர்கள் தங்கள் மனசாட்சிப்படி முடிவு செய்துகொள்ளலாம்.

இஞ்சினைப் பிரிக்கும் வேலையில் இரண்டாவது இழப்பு ஏற்பட்டது. கிரேங்க் முனையில் ஆயில் பம்ப்பை ஓட்டும் வார்ம் நட்டு இடது மரை. எல்லா நட்டையும் கழற்றும் பக்கமாகத் திருப்பினால் அது இறுகத்தான் செய்யும். வகுப்புக்கு முதன்முறையாக வந்திருந்த உறுப்பினர் ஒருவர், நான் பெட்டியில் வேறு ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்த சிறு இடைவெளியில், தம் உடல் வலிமை முழுவதையும் அதன்மேல் காட்டி மரையைக் கெடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்புக்கு வந்தவரையாவது பாராட்ட வேண்டும். அவர் அதன் பிறகு வரவில்லை.

அதற்கடுத்து, கிரேங்க் முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும் டைமிங் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தைக் கழற்றி எடுக்க வேண்டிய கட்டத்தில், அதை இழுத்தெடுக்கச் சங்கத்தின் கருவிப் பெட்டியில் இருந்த பினியன் புல்லரைக் காணவில்லை. அது கடையில் சுலபமாகக் கிடைக்கும் பொருள் அல்ல. லேத்தில் சொல்லிச் செய்தது. எடுத்துச் சென்றவர் பதிவேட்டில் கையெழுத்திடவில்லை. சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டி எடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் மறுத்தேன். தட்டினால் கிரேங்க் வளையும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே இரவல் புல்லர் ஒன்று கிடைக்கும்வரை ஏழு வாரம் காத்திருந்தோம். ஏழு மாதத்தில் ஏழு வாரம் இப்படிப் போயிற்று என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டுகிறேன்.

ஃப்ளைவீலைப் பிரித்து, புதிய புஷ்ஷும் கனெக்டிங் ராடும் போட்டு, டயல் கேஜ் வைத்து நேர் பார்த்தோம். போர் ஏற்கெனவே 0.75 மில்லிமீட்டர் ஓவர்சைஸில் (அகலமாகக் கடைந்த நிலையில்) இருந்ததால், இம்முறை 1.00 மில்லிமீட்டர் போட நேர்ந்தது. இதனால் இஞ்சின் இப்போது ஏறத்தாழ 356 சிசி ஆகியிருக்கிறது. அடுத்த முறை சிலிண்டருக்குள் புதிய உறையாக ஸ்லீவ்தான் அடிக்க வேண்டும். புதிய பாகங்கள் பழகும்வரை வண்டி ரன்னிங் இன்னில் இருப்பதால், யாரும் அதை வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி வண்டியில் செய்த மாற்றங்கள் குறித்தும் விளக்கம் தர வேண்டியிருக்கிறது. 6 வோல்ட்டை 12 வோல்ட் ஆக்கியது செயற்குழுவைக் கேட்காமல் செய்த காரியம் என்று ஓர் உறுப்பினர் எழுதியிருக்கிறார். செயற்குழுவைக் கேட்கத்தான் இரண்டு முறை கூட்டினேன், கோரம் இல்லை. 36 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் ஓட வேண்டும், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். வயரில் வீணாகும் சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. பழுத்துப்போன வயரும் துருப்பிடித்த இணைப்புகளும் உள்ள வண்டியில், முகப்பு விளக்கு மெழுகுவர்த்திபோல் எரிவதற்கு இதுதான் மருந்து. பழைய வயரிங், காயில், ஹாரன் அனைத்தையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். எந்த இடத்திலும் ஃபிரேமில் துளை போடவில்லை. வேண்டாம் என்றால் ஒரு நாளில் பழையபடி மாற்றிவிடலாம். வண்டியில் என்ன மாற்றம் செய்தாலும் அதைத் திரும்ப எடுத்துவிட முடிய வேண்டும் என்பதே என் கொள்கை. சைலன்ஸரை அறுத்துவிட்டு கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை மாற்றாமல் ஓட்டி, கலவை வறண்டு பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்ட பிறகு சங்கத்துக்கு வருகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

அதே சமயம், திறந்து மூடி ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிக்கும் சி.பி. பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட வேண்டும் என்ற இளைய உறுப்பினர்களின் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. பாயின்ட்டின் குதி தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கும், அடிக்கடி ஃபீலர் கேஜை எடுக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வது சரிதான். சொந்த வண்டியில் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் இது கற்றுக்கொடுக்கும் வண்டி. சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக மிதித்தால், பாயின்ட் மூடியிருக்கும்வரை ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாயின்ட் திறக்கும் கணத்தில் அது நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனை மேல்முனைக்குச் சற்று அப்பால் நகர்த்தி, கிக்கரை மேலே விட்டு, பிறகு முழுதாக மிதித்தால் ஒரே மிதியில் வண்டி பேசும். அவசரப்பட்டவர் காலைத் திருப்பி அடிக்கும். டைமிங் என்றால் என்ன என்பதை அந்த முள்ளைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எலெக்ட்ரானிக் பெட்டி போட்ட நாளிலிருந்து அந்த முள் இதைச் சொல்லாது.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் டேங்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட வேண்டுகிறேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் பெட்ரோல் டேப்பின் கார்க்கையும் கெடுக்கும்.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல், இடைவெளியைச் செயற்குழுவில் சிலர் கைக்காசு போட்டு நிரப்பியிருக்கிறோம். அந்தச் சிலர் யார் என்று சொல்ல நான் விரும்பவில்லை. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் இருக்கும் ரசீதுகளைப் பார்க்கலாம். ஒன்றிரண்டில் கிரீஸ் பட்டு எழுத்து மங்கியிருக்கிறது. பட்டியலில் உள்ள 43 உறுப்பினர்களில் இந்த ஆண்டுச் சந்தாவைச் செலுத்தியவர்கள் 18 பேர். சந்தா செலுத்தாதவர்களின் பெயர்களைப் படிக்கும் வழக்கம் நமக்கு இல்லை. ஆனால் கருவிப் பெட்டியை அதிகம் பயன்படுத்தியவர்களும் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் என்பது இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெரிகிறது.

இட உதவி செய்தவருக்கும், கிரேங்க் வேலையைப் பொறுமையாகச் செய்து கொடுத்த லேத் பட்டறையாருக்கும், இரவல் புல்லர் தந்தவருக்கும், ஒத்துழைத்த அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் முன்சக்கர பிரேக் ட்ரம்மைக் கடைந்து, ஷூக்களுக்குப் புதிய லைனிங் ஒட்டும் வகுப்பு நடத்தத் திட்டமிட்டிருக்கிறேன். அது நடப்பதும் நடக்காததும் நிதி நிலையைப் பொறுத்தது. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். கருவிப் பெட்டியின் சாவி, இரண்டு பதிவேடுகள், பழைய வயரிங் பை, இரண்டு கார்க் சீல் எல்லாம் தயாராக இருக்கின்றன. பினியன் புல்லரை எடுத்துச் சென்றவர் அதைப் பகலில் கொண்டுவரத் தயங்கினால், கூட்டம் முடிந்த பிறகு இன்றிரவு பட்டறைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாம். விளக்கை அணைத்துவிட்டுத்தான் போவேன்.

இங்ஙனம்,
செயலாளர்