‘ஆரீட்ஸ்’ எல்லாம் கொடுங்கோலர் அல்ல: தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவினருக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எபிரெய வேதாகமத்தில் ‘ஆரீட்ஸ்’ 20 முறை வருகிறது. இன்றைய எபிரெயத்தில் அதற்குப் பொருள் கொடுங்கோலன். அந்தச் சொல்லை 20 இடங்களிலும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கொடுங்கோலனுக்குக் கையில் கோல் வேண்டும், ஆள நாடு வேண்டும். ஆரீட்ஸுக்கு அது எதுவும் வேண்டாம். கண்டவர் நடுங்கினால் போதும். எரேமியா 20:11 கர்த்தரையே ‘கிப்போர் ஆரீட்ஸ்’ என்கிறது (‘கிப்போர்’ என்றால் பலமுள்ள வீரன்). அங்கே கொடுங்கோலன் என்று எழுத யாருக்குக் கை வரும்? பழைய திருப்புதலின் (சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின்) ‘பயங்கரமான பராக்கிரமசாலி’ அருமையான பிடிப்பு. ஆனால் அதே திருப்புதலில் சங்கீதம் 37:35-ல் ‘பலவந்தன்’, ஏசாயா 13:11-ல் ‘கொடியர்’, நீதிமொழிகள் 11:16-ல் ‘பராக்கிரமசாலிகள்’. இந்தக் கடைசிச் சொல் ‘கிப்போர்’ என்பதற்கு உரியது. பலம் வேறு, திகில் வேறு.

இலக்கணத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. ‘ஆசீர்’ (கைதி) போலவே இதுவும் ஒலிப்பதால், செயப்பாட்டுப் பொருளில் ‘அஞ்சப்படுபவன்’ என்று கொள்ளத் தோன்றும். பன்மையைப் பாருங்கள். ஆசீர், ‘அசீரீம்’ ஆகும். முதல் உயிர் குறுகிவிடும். ஆரீட்ஸோ ‘ஆரீட்ஸீம்’ என்றே நிற்கும். எசேக்கியேல் 28:7-ன் ‘ஆரீட்ஸே கோயீம்’ (ஜாதிகளில் திகிலூட்டுவோர்) என்ற தொடரிலும் குறுகாது. காரணம், இது ‘சத்தீக்’ (நீதிமான்) போல நடு எழுத்து இரட்டிக்கும் அச்சில் வார்த்த சொல். ஆனால் இங்கே நடு எழுத்தான ரேஷ் (எபிரெய ‘ர’) இரட்டிக்காது. அதற்கு ஈடாக முன்னுள்ள அகரம் நீண்டு, நீண்டபடியே நிலைத்தது. அந்த அச்சு ஒருவனின் நிலைத்த இயல்பைக் காட்டுவது. திகிலூட்டுவதே இவன் இயல்பு.

இதே வேரின் வினைச்சொல் இரு பக்கமும் வெட்டும்: அஞ்சுவதற்கும் அதுவே, அஞ்சவைப்பதற்கும் அதுவே. உபாகமம் 1:29-ல் அது ‘கலங்காமல்’. சபைகளில் மனப்பாடமாக ஒலிக்கும் யோசுவா 1:9-ல் ‘திகையாதே’. ஏசாயா 2:19-லோ கர்த்தர் பூமியைத் தத்தளிக்கப்பண்ண எழுந்தருளுகிறார். யோசுவாவிடம் விலக்கப்பட்ட அதே திகிலைத்தான் ஆரீட்ஸ் பிழைப்பாக வைத்திருக்கிறான். தமிழ் வாசகருக்கு இந்த உறவு இன்று கேட்பதே இல்லை.

ஆகவே ‘திகில்’ என்ற ஒரே வேரைப் பிடியுங்கள்: யோசுவாவில் ‘திகிலடையாதே’, சங்கீதத்தில் ‘திகிலூட்டும் துன்மார்க்கன்’, எரேமியாவில் ‘திகிலூட்டும் வீரராய்’. நீதிமொழிகள் 11:16-க்கு மட்டும் அடிக்குறிப்பு தேவைப்படும். அங்கே ஆரீட்ஸீம் புகழப்படுகிறார்களா பழிக்கப்படுகிறார்களா என்பது வசனத்தை வைத்து மட்டும் முடிவாகாது. மெய்ப்பு பார்ப்பவர்கள் ஸ்ட்ராங் எண் (வேதாகம மூலச் சொற்களுக்கு இட்ட வரிசை எண்) 6184-ஐ மட்டும் தேடினால் ஆரீட்ஸ் கிடைக்கும், வினை விடுபடும். வினையின் எண்ணான 6206-ஐயும் சேர்த்தே தேடட்டும்.

அன்புடன்,
எபிரெயம் பயிற்றுவிப்போர் சிலர்