கையெழுத்து கரையவில்லை

நண்பர்களுக்கு,

அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து என் சேகரிப்பு நனைந்துபோனது: அமெரிக்க ஊர்ப் பேங்குகள் ஒருகாலத்தில் தங்கள் பெயரில் விட்ட பழைய டாலர் நோட்டுகள். நேற்று மாலைதான் கடைசி நோட்டும் காய்ந்தது. 61 நோட்டில் இரண்டு போக எல்லாம் பிழைத்துவிட்டன. இன்னும் நம்ப முடியவில்லை.

மோட்டார் கொண்டுவந்து தண்ணீர் இறைத்தவர்கள், சேறு அள்ளியவர்கள், மூன்று நாளும் சாப்பாடு அனுப்பிய கொலம்பஸ் தமிழ்க் குடும்பங்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டப்பாக்களைக் கழுவி வைத்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டியவர். அன்று இரவு ஒரு கூடை நிறையப் பழைய துண்டுகளோடு வந்தார். நான் பதற்றத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். தேய்த்தால் அச்சின் மேடுபள்ளம் போய்விடும் என்று நான்தான் மற்றவர்களுக்குச் சொல்வேன்; அந்த நேரத்தில் எதுவும் ஞாபகம் வரவில்லை. அவர் பேசாமல் ஒயரைப் பிடுங்கிவிட்டு, தானாகக் காயட்டும் என்றார்.

விடியும்வரை நோட்டுகளைத் துண்டுகளில் பரப்பித் திருப்பித் திருப்பிப் போட்டோம். அவர் ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படிப்பார், நான் பட்டியலில் குறிப்பேன். சில்லிகாத்தி, கோஷாக்டன், வாப்பகொனெட்டா... என்ன விலை போகும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

1902 வரிசைப் பத்து டாலர் ஒன்று, ஜனாதிபதியாக இருந்த மெக்கின்லியின் படம் போட்டது. வாஷிங்டனில் அச்சாகி நான்கு நான்காக வந்த தாளை ஊர் பேங்கிலேயே கத்தரியால் வெட்டியதால் மேல் ஓரம் கோணலாக இருக்கும். கீழே கேஷியர் பேனாவால் போட்ட கையெழுத்து. மை ஓடியிருக்கும் என்று நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவர் விளக்கடியில் பிடித்துக் காட்டினார். பழுப்பு மை, ஒரு சுழிகூடக் கலையாமல் இருந்தது. ரப்பர் ஸ்டாம்ப் குத்திய இரண்டில்தான் ஊதா மை பரவி எழுத்தே போய்விட்டது.

1863-இல் வந்த அமெரிக்க தேசிய பேங்க் சட்டத்துக்குப் பிறகு 1935 வரை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேங்குகள் இப்படித் தங்கள் பெயரும் ஊரும் போட்டு நோட்டு விட்டன. பல பேங்குகள் இன்று இல்லை. இத்தனை வருடமாக சார்ட்டர் எண் (பேங்குக்கு அரசு கொடுத்த உரிம எண்), வரிசை, எத்தனை நோட்டு மிச்சம் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரலில் கேட்டபோதுதான் அந்த ஊர்களில் மனிதர்கள் இருந்தார்கள் என்பது உறைத்தது. இனி எதையும் அடித்தளத்தில் வைக்கமாட்டேன், சத்தியமாக.

அப்புறம் ஒன்று. அவர் பிறந்தது ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள காலிபொலிஸ். அந்த ஊர் நோட்டு வந்தபோது மட்டும் படிக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். என்னிடம் அந்த ஊருக்கு அது ஒன்றுதான். மைலார் என்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். வேண்டாம் என்பார். கொடுக்காமல் திரும்புவதாக இல்லை.