வகுத்தல் கணக்கில் பறக்கும் விமானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கத்தில், "சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் 15,300 கி.மீ.; விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ.; ஆகவே 17 மணி நேரத்தில் போய்விடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த "ஆகவே"தான் என்னை உறுத்துகிறது. வகுத்தல் சரிதான். ஆனால் அந்த நேரடி விமானத்தின் கால அட்டவணையே 18 மணி நேரத்தைத் தாண்டுகிறது. விமானம் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், ஏறுவதும் இறங்குவதும், வழியில் காற்று இருப்பதும் தாங்கள் அறியாததல்ல.

இது முதல் முறையும் அல்ல. முன்பு துபாய் – லாஸ் ஏஞ்சல்ஸ் பாதை என்று வரைபடத்தில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் அடிக்கோலால் ஒரு கோடு இழுத்திருந்தீர்கள். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால், மிகக் குறுகிய வழி வட துருவத்துப் பக்கமாகப் போகும். இதை எழுதி அனுப்பினேன். பக்கத்தில் இடம் இல்லை போலும்! அப்புறம், டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பியவர் அதே நாள் காலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கும் "அதிசயம்". கிழக்கே கடந்தால் தேதி ஒரு நாள் பின்னே போகும் சர்வதேச தேதிக் கோட்டைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்த அந்த மனிதரின் முழங்காலைக் கேட்டால் தெரியும், அதிசயமா இல்லையா என்று.

என் கதையையும் கேளுங்கள். என் அக்கா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் வந்தார். தூரம் 13,600 கி.மீ. "விமானம் கிளம்பிவிட்டது" என்று செய்தி வந்ததும், உங்கள் பாணியிலேயே 900-ஆல் வகுத்தேன். 15 மணி நேரம். மேற்கே வரும் விமானத்துக்கு எதிர்க்காற்று என்பது அன்று உறைக்கவில்லை. வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். டிக்கெட்டில் நேரம் போட்டிருக்குமே என்பீர்கள். போட்டிருந்தது. நான் நம்பியது உங்கள் பத்திரிகையை.

லண்டன் – நியூயார்க் தடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அதே 5,500 கி.மீ.தான். மேற்கே போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்ப ஏழுக்குள் வந்துவிடலாம். காற்று மட்டுமா? 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு அடைபட்ட பிறகு, ஒன்பது மணி நேரச் சொச்சத்தில் முடிந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் 13 மணி நேரம் வரை இழுக்கிறது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தை அச்சிடும்போது பக்கத்தில் போக இவ்வளவு, வர இவ்வளவு என்று அட்டவணை நேரத்தையும் போட்டுவிடுங்கள். இடம் போதாவிட்டால் அந்த "ஆகவே"யை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்