நியூகாசில் நடைப்பயணத்தில் நம்மவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கத்தியச் செவ்விசைக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அண்மையில் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வாய்ப்பாட்டு கற்பிப்பவள் என்ற முறையில் என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அவர் இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் இசையைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1937இல் பிறந்தவர் கிளாஸ். அப்பா இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். பாரிஸில் இசை ஆசிரியை நாடியா புலான்ஷேயிடம் பயின்றுகொண்டிருந்த காலத்தில், ஒரு திரைப்படத்துக்காக ரவிசங்கர் அமைத்த இசையை அங்குள்ள வாத்தியக்காரர்களுக்குக் குறியீட்டில் எழுதித் தரும் வேலை அவருக்கு வந்தது. அவர்கள் வழக்கப்படி இடையிடையே கோடு போட்டுப் பிரித்து எழுதினார். வாசித்தபோது வேண்டாத இடத்திலெல்லாம் அழுத்தம் விழுந்தது. உடனிருந்த தபேலா மேதை அல்லா ரக்கா, எல்லாச் சுரங்களும் சமம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிளாஸ் கோடுகளை அழித்தார். சுரங்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஓடுவது அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. தாளக் கணக்கு பழகிய நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்ரா அரங்கில் 1976இல் தம் முதல் ஆப்ராவை, அதாவது முழுக்கப் பாடியே நடத்தும் இசை நாடகத்தை, நடத்திய பிறகும் பிழைப்புக்கு டாக்சி ஓட்டியவர் அவர். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் இசையை மட்டும் நம்பி வாழ முடிந்தது.

நான் சொல்ல வந்தது 1980இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் அரங்கேறிய அவருடைய ‘சத்தியாகிரகா’ என்ற ஆப்ராவைப் பற்றி. மேடையில் நடப்பது காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கை. பாடப்படுவது முழுக்க பகவத் கீதையின் சமஸ்கிருத சுலோகங்கள். தந்தி வாத்தியங்கள், மரத் துளைக்கருவிகள், ஆர்கன் ஆகியவை மட்டும்தான். பித்தளைக் கருவியோ தாள வாத்தியமோ கிடையாது. டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் ஆகிய மூவரும் அங்கத்துக்கு ஒருவராக மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிங்குக்குரிய மூன்றாம் அங்கம் முழுவதும் 1913ஆம் ஆண்டின் நியூகாசில் நடைப்பயணம்.

அந்தப் பயணத்தில் நடந்தவர்களில் பெரும்பங்கினர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாநிலத்தில் நியூகாசில் வட்டார நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த ஒப்பந்தக் கூலிகள். அவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்ற கொடுமையை எதிர்த்து வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் போய்ப் பேசி வேலைநிறுத்தத்தில் இறங்க வைத்தவர்கள் பக்கத்து மாநிலமான டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழ்ப் பெண்கள் என்று காந்தியே எழுதியிருக்கிறார். 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்ததாகவும் கணக்குக் கொடுக்கிறார். கைக்குழந்தையோடு நடந்த தாய்மாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதே போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறு. இவ்வளவும் இருக்க, இந்த ஆப்ராவைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ‘இந்தியச் சுரங்கத் தொழிலாளர்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களும் மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர்களும் அதே சென்னை மாகாணத்து ஏழைகள். அவர்கள் பெயரை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

எல்லாரும் கைதாகிப் போன பின், கடைசியில் காந்தி தனியே நின்று பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மாணவி ஒருத்திக்கு அதைப் போட்டுக் காட்டி, தம்பூராச் செயலியில் சுருதியைச் சேர்த்துக்கொண்டு கூடவே சுரம் பாடச் சொன்னேன். பாடிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து, “தோடி, டீச்சர்!” என்றாள். ஆம், கர்நாடக இசையின் தாய் ராகங்களில் எட்டாவதான தோடியின் ஆரோகணம், அதாவது ஏறுவரிசை. ச ரி க ம ப த நி ச என்று கீழிருந்து மேலே ஏறுகிறது, மறுபடி கீழிருந்து தொடங்கி ஏறுகிறது. இறங்குவதே இல்லை. கமகம் என்னும் சுர அசைவு இல்லாத தோடியை நாம் தோடி என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். இது ராகமல்ல, வெறும் சுர வரிசைதான். அப்படியிருந்தும் அந்த அசையாத காந்தாரம் (‘க’ சுரம்) என்னைக் கலங்கடிக்கிறது. அலங்காரம் எதையும் வைத்துக்கொள்ளாமல், முதற்பாடம் படிக்கும் குழந்தை பாடுவதை எடுத்துக் காந்தியின் வாயில் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கலைஞன் என்றால் கிளாஸ்தான்.

அந்தப் பாட்டின் வரிகள், தர்மம் குன்றும்போதெல்லாம் யுகந்தோறும் வருவேன் என்னும் கீதை வாக்கு. 2011 டிசம்பரில் நியூயார்க்கில் இந்த ஆப்ரா முடிந்த இரவு, அரங்குக்கு வெளியே திரண்டிருந்த போராட்டக்காரர்கள் நடுவில் நின்று கிளாஸ் அதே வரிகளை ஆங்கிலத்தில் வாசித்தார். கூட்டம் வரி வரியாகத் திருப்பிச் சொன்னது.

எஸ்பிளனேட் கலையரங்க நிர்வாகத்துக்குத் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். முழு ஆப்ராவுக்குச் செலவு மிகும் என்பது தெரியும். மூன்றாம் அங்கத்தை மட்டும் காட்சியமைப்பு இல்லாமல் கச்சேரியாக நடத்தலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அங்கே கலா உற்சவம் என்னும் இந்தியக் கலைவிழா நடக்கும் நவம்பர்தான், நடந்தவர்கள் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்த மாதமும். அது கூடிவரும் வரை, ரேஸ் கோர்ஸ் லேனில் நேரு அடிக்கல் நாட்டிய காந்தி நினைவு மண்டபம் இருக்கிறது. ஒரு மாலை அங்கே ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு, நடந்தவர்களின் கதையைத் தமிழில் சொல்ல யாரேனும் முன்வரவேண்டும்.

தாங்களும் வள்ளியம்மையையும் நியூகாசில் பெண்களையும் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டால் நன்றாக இருக்கும். கச்சேரி நடக்குமானால், கோரஸில் பாடுவதற்கு என் மாணவர்களைத் தயார் செய்யும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இசை ஆசிரியை ஒருவர்,
செங்காங்