எட்டாம் வகுப்பின் சின்னப்பாலம் களப்பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

இராமநாதபுரம்,
8.1.2026.

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்பு மாணவ மாணவியரை வரும் 24.1.2026 சனிக்கிழமையன்று, பாம்பன் தீவில் மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் சின்னப்பாலம் என்னும் சிற்றூருக்கு ஒரு நாள் களப்பயணமாக அழைத்துச் செல்லவிருக்கிறோம். வகுப்பில் இதை அறிவித்த மறுநாளே, தீவு வரைக்கும் போகிற பேருந்து இராமேசுவரம் கோயிலுக்கும் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் போகாமல் பாம்பனோடு திரும்புவானேன் என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நம் வீட்டுக்கு வெளியூர் உறவினர் வந்தால் முதலில் கூட்டிப் போகும் இடங்கள் அவை இரண்டும்தான். ஆகவே நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவற்றை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ஆனால் பாலத்தைக் கடந்ததும் சாலையின் இருபுறமும் பிரிந்து போகும் மணல் பாதைகளின் முடிவில் யார் குடியிருக்கிறார்கள், எதைக் கொண்டு வாழ்கிறார்கள் என்பதை இவ்வளவு அருகில் இருக்கும் நாம் அறிந்து வைத்திருக்கவில்லை. அதற்காகவே இந்தப் பயணம்.

சின்னப்பாலத்துப் பெண்களில் பலர் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பவளப்பாறையின் கூர்மை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி அடியில் போய்ப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்து வருகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்று அவர்கள் சொல்வதிலிருந்துதான் அகர் எடுக்கப்படுகிறது. நோன்புக் காலத்தில் நம் பகுதி வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடும் கடல்பாசியும், ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரிகளை வளர்க்கும் கண்ணாடித் தட்டில் இருக்கும் கூழ்மமும் அதிலிருந்து வருபவையே. கட்டக்கோரை என்னும் இன்னொரு வகை, துணிச் சாயத் தொழிலுக்குப் பயன்படும் ஆல்ஜினேட் தயாரிக்கப் போகிறது. தாவர உலகம் பற்றிய பாடத்தில் பாசிகளின் பெயர்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளைகள், அவற்றைத் தொட்டறிந்த கைகளிடமிருந்து கேட்பது நல்லது என்று எண்ணுகிறேன்.

நாளைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு காரணம் உண்டு. இப்பெண்கள் அமாவாசையை ஒட்டி ஆறு நாளும் பௌர்ணமியை ஒட்டி ஆறு நாளுமாக, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசிக்குப் போவதைத் தங்களுக்குள் ஓர் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். அந்நாட்களில் நீர் நன்றாக வற்றுவதால் பாறைகள் கைக்கு எட்டும், மற்ற நாட்களில் பறித்த இடத்தில் பாசி மறுபடி தழைக்கும். இத்தொழிலின் பொருட்டும் இதைச் செய்யும் பெண்களின் உரிமையின் பொருட்டும் உழைத்த லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு தீவுகளின் சூழலைக் காக்கப் பாடுபடும் சீகாலஜி என்னும் அமெரிக்க அமைப்பின் விருது 2015ஆம் ஆண்டு கிடைத்தது. தை அமாவாசைக் கூட்டம் கலைந்து, பாசிக்குப் போகும் நாட்களும் முடிந்து, அவர்கள் கரையில் இருக்கும் இடைவெளியில் நாம் போகிறோம்.

இங்கே ஒரு செய்தியைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் அரசு 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. தலைமுறைகளாகப் பாசி எடுத்த இடங்களில் பல அதனால் தடை செய்யப்பட்ட பகுதிகளாயின. பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்பதும் உண்மை, அதே பாறையை நம்பி உலை வைத்தவர்களுக்கு வேறு வழி எளிதில் அமையவில்லை என்பதும் உண்மை. பிள்ளைகள் இதுபற்றிக் கேட்கட்டும். ஆனால் ஒருவருடைய வாசலில் உட்கார்ந்துகொண்டு அவர் தொழில் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது முறையாகாது என்பதால், விவாதத்தைப் பள்ளிக்குத் திரும்பிய பின் வகுப்பில் வைத்துக்கொள்வோம்.

எனக்கு மிகுந்த அக்கறை உள்ளது நடத்தை குறித்துத்தான். அது மக்கள் குடியிருக்கும் ஊர். சனிக்கிழமை முற்பகலில் அங்கே வலை பின்னுவார்கள், கருவாடு காயும், குழந்தைகள் தூங்கும். அடுத்த வீட்டுக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்வோமோ அப்படியே நடந்துகொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். பெரியவர்களை அம்மா, ஐயா, அக்கா, அண்ணன் என்றே அழைக்க வேண்டும். மீன் வாடைக்கு மூக்கைப் பொத்துவது கண்ணில் பட்டால், எவ்வளவு நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளையாக இருந்தாலும் நான் கண்டிப்பேன். கைப்பேசி யாரும் கொண்டு வரக்கூடாது. படம் தேவையென்றால் உடன் வரும் ஆசிரியர், எடுக்கப்படுபவரின் ஒப்புதல் பெற்று எடுப்பார். ஊர்ப் பிள்ளைகளுக்கென மிட்டாயும் பழைய துணியும் கொடுத்தனுப்ப விரும்பிய பெற்றோரின் நல்ல மனத்தை மதிக்கிறேன்; எனினும் வேண்டாம். மாறாக, தங்கள் நேரத்தை ஒதுக்கி நம் மாணவர்களிடம் பேசவிருக்கும் இரண்டு பெண்களுக்கு, சிறப்புரையாற்ற வருபவர்களுக்கு நாம் வழங்கும் அதே மதிப்பூதியத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழங்கும்.

கரையிலிருந்து சங்கு, சிப்பி, பவளத்துண்டு எதையும் எடுத்து வரக்கூடாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை; எது அதில் சேரும், எது சேராது என்று பிள்ளைகளால் பிரித்தறிய இயலாதாகையால் வெறுங்கையோடு வருவதே பாதுகாப்பு. யாரும் கடலில் இறங்க மாட்டார்கள்.

காலை ஏழு மணிக்குப் பள்ளியிலிருந்து பேருந்து புறப்படும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தையும் அதன் நடுவே கப்பலுக்காக மேலெழும் 72.5 மீட்டர் இரும்புப் பகுதியையும் சாலைப் பாலத்திலிருந்து சன்னல் வழியே பார்க்கலாம், பேருந்து அங்கே நிற்காது. மதிய உணவைக் குந்துகால் என்னும் இடத்தில் சாப்பிடுவோம். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய இடம் அது. அவருடைய நினைவிடத்தையும் பார்த்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிடுவோம். புளியோதரை, தயிர்சோறு போன்றவற்றை இலையில் கட்டியோ டப்பாவிலோ கொடுத்தனுப்புங்கள். பிளாஸ்டிக் பொட்டலம் வேண்டாம். தீவில் குடிநீர் அருமையான பொருள் என்பதால் நாள் முழுவதற்கும் போதுமான தண்ணீரும் அவசியம்.

உடன் வர இரண்டு தாய்மார்கள் தேவை. பெண்கள் இருந்தால் அவ்வூர்ப் பெண்கள் தயக்கமின்றிப் பேசுவார்கள். பேருந்தில் வாந்தி வரும் பிள்ளைகள், மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைகள் பற்றிய விவரத்தை இணைப்பிலுள்ள ஒப்புதல் படிவத்தில் மறைக்காமல் எழுதி, பொங்கல் விடுமுறை தொடங்கும் முன், 13ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்