தருமபுரித் தண்ணீரில் ஃபுளோரைடு அளக்க உதவியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

தருமபுரி மாவட்டக் கிராமங்களின் குடிநீரில் ஃபுளோரைடு அளக்கும் இளநிலை மாணவர்களின் கோடைக்கால ஆய்வு முடிந்துவிட்டது. அறிக்கையில் நன்றி சொல்ல இரண்டு வரிதான் இடம். அது போதாது.

முதல் நன்றி ஊராட்சிகளின் டேங்க் ஆபரேட்டர் அண்ணன்மாருக்கு. ஃபுளோரைடு குறைந்த ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் வரும் ஊரிலும், பற்றாத நாளில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரை அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுவது உண்டு. தெருக்குழாயில் பிடித்த பாட்டிலைப் பார்த்து அது எந்தத் தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. எந்த நாளில் எந்த மோட்டார் ஓடியது என்று நோட்டைத் திறந்து காட்டினீர்கள். அது இல்லையென்றால், ஒரே குழாயில் இரண்டு நாளில் வந்த இரண்டு எண்களைக் கருவிக் கோளாறு என்று தள்ளியிருப்போம்.

அடிபம்பில் வரிசையை விட்டுக்கொடுத்த அக்காமாருக்கு அடுத்து. குழாயில் தங்கிய பழைய நீர் வெளியேற ஐந்து நிமிடமாவது அடித்த பிறகே மாதிரி பிடிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் தரையில் போகாமல் குடங்களைக் கொண்டுவந்து வைத்தீர்கள். பல்லில் காவிக்கறை உள்ள பிள்ளைகள் எந்தத் தெருவில் அதிகம் என்று நீங்கள் சொன்னதால்தான் பட்டியலில் விடுபட்ட போர்கள் சேர்ந்தன. அந்தக் கறை, பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீர் விட்ட தடம்; இன்றைய குழாயைப் பற்றி அது எதுவும் சொல்லாது. “அப்போ எங்கே தண்ணி எடுத்தீங்க?” என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அதற்காகத்தான். காய்ச்சினால் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும்.

ஆய்வக உதவியாளர் ஐயாவுக்குப் பட்ட கடன் பெரிது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. தண்ணீரில் அமிழ்த்தி ஃபுளோரைடை அளக்கும் எலக்ட்ரோடில் (மின்முனையில்) செறிவு பத்து மடங்கு கூடினால் அளவீடு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் இறங்கும். அதாவது 4 மில்லிவோல்ட் பிசகினாலே 1.3 உள்ள தண்ணீர் 1.5 என்று காட்டும். ஒரு போரை நல்லது, கெட்டது என்று பிரிக்கும் இடத்தில் இந்தப் பிசகுக்கு இடமே இல்லை.

அந்த 4 மில்லிவோல்ட் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். காந்தக் கலக்கியின் சூடு பீக்கரில் ஏறாமல் இருக்க நடுவே தெர்மாகோல் துண்டு வைத்தார். எலக்ட்ரோடின் அடியில் உள்ள லாந்தனம் ஃபுளோரைடு படிகத்தில் காற்றுக்குமிழி ஒட்டினால் எண் நிலைக்காது. சற்றுச் சாய்த்து இறக்கக் காட்டிக்கொடுத்தார். செறிவு தெரிந்த திட்டக் கரைசல்களை லிட்டருக்கு 0.5, 1, 2, 5 மில்லிகிராம் என்று குறைவிலிருந்து மேலே போகச் சொன்னார். பத்து மாதிரிக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் கரைசலைத் திரும்ப வைத்துப் பார்க்கச் சொன்னவரும் அவரே.

அளக்கும் முன் மாதிரியில் கலந்து அதன் பிஎச்சை (அமில-கார அளவை) நிலைப்படுத்தும் டிசாப் கரைசலும் அவர் கைப்பக்குவம்தான். அரை லிட்டர் வாலைவடி நீரில் பனி அசிட்டிக் அமிலம் 57 மில்லி, உப்பு 58 கிராம், சிடிடிஏ 4 கிராம். சிடிடிஏ அமிலத்தில் லேசில் கரையாது. கரையவில்லையே என்று சூடாக்கிவிடக் கூடாது. பீக்கரைக் குளிர்ந்த நீரில் வைத்து 6 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறுகச் சிறுக விட்டால் பிஎச் ஏறும்போது தானாகக் கரையும். 5.3க்கும் 5.5க்கும் இடையில் நிறுத்தி ஒரு லிட்டராக்க வேண்டும். மாதிரி 25 மில்லி, டிசாப் 25 மில்லி. பிஎச் இறங்கினால் ஃபுளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து எலக்ட்ரோடுக்குத் தெரியாமல் போகும். மிக ஏறினால் ஹைட்ராக்சைடையும் ஃபுளோரைடு என்று எண்ணிவிடும். தண்ணீரில் உள்ள அலுமினியத்தின் பிடியிலிருந்து ஃபுளோரைடை விடுவிப்பது சிடிடிஏயின் வேலை.

கண்ணாடிப் பாட்டில் தராமல் பாலித்தீன் பாட்டில்களையே எடுத்துத் தந்த ஸ்டோர் அலுவலருக்கும் நன்றி. மூடி மாறிப்போகும், பாட்டிலின் உடம்பிலேயே எண்ணை எழுதுங்கள் என்றீர்கள். கடைசி வரை ஒரு மாதிரியும் குழம்பவில்லை.

ஃபுளோரைடு கூடக் கூட நிறம் வெளுக்கும் சாய முறையில் அதே மாதிரிகளை ஒப்பிட்டுத் தந்த நீர்ப் பரிசோதனைக் கூடத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். தொட்டித் தண்ணீரில் மட்டும் உங்கள் எண் ஏன் கூடுகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்தீர்கள்: மிச்சமிருந்த குளோரின் சாயத்தை வெளுத்துவிட்டது. குளோரினை நீக்க ஒரு சொட்டு சோடியம் ஆர்சனைட் விட்டதும் இரண்டு முறைகளின் எண்களும் ஒத்துப்போயின. நச்சான ஆர்சனைட் கலந்த கழிவைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் தனிக் கேனில் சேர்த்து வைத்ததற்குத் தனி நன்றி.

ஒவ்வொரு போரின் அளவும் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளது. மழைக்குப் பிறகு அதே போர்களில் மறுபடி மாதிரி எடுக்க வருவோம். ஆபரேட்டர் அண்ணன்மார் அதுவரை அந்த மோட்டார் நோட்டை விடாமல் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோடைக்கால ஆய்வுக் குழு,
வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறைகள்