கச்சேரிப் படம் எடுக்க பழைய லென்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

மார்கழி சீசன் நெருங்கினாலே சென்னையில் தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் டெலி லென்ஸ்களை செகண்ட்ஹேண்டில் தேடி அலைவோர் அதிகமாகிவிடுகிறார்கள். பலரும் முதலில் கேட்பது, “300 (மி.மீ. குவிய நீளம்) வரை போகுமா?” என்றுதான். சபா அரங்கில் அந்த நீளம் பெரும்பாலும் தேவைப்படாது. மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி நின்றாலும், ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் 2.7 மீட்டர் அகலத்தைத்தான் பிடிக்கும். அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் அது 1.8 மீட்டருக்குச் சுருங்கிவிடும். பாடகரும் தம்புராவும் வந்தால் சரி. கேட்க வேண்டியது, அந்த 200-இல் வெளிச்சம் நுழையும் துளை எவ்வளவு திறக்கும் என்பதை. அதைச் சொல்வது எஃப் எண்; எண் சிறிதானால் துளை பெரிது.

புதிதாக மலிவில் கிடைக்கும் 70-300 ஜூம்களில் பெரும்பாலானவை கடைக்கோடியில் எஃப் 5.6 ஆகிவிடும். எஃப் 2.8 அதைப்போல 4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதே ஷட்டர் வேகத்தில், எஃப் 2.8 ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-இல் எடுக்கும் படத்துக்கு எஃப் 5.6 12800 கேட்கும். சபாவில் ஃபிளாஷ் போட விடமாட்டார்கள், போடவும் கூடாது என்பதால் வேறு வழியில்லை.

நடுக்கம் தடுக்கும் ஐஎஸ், விஆர் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது அவசியமில்லை என்பது என் கருத்து. அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், மிருதங்கக்காரர் விரலையோ ஆடுபவர் காலையோ நிறுத்தாது. அவற்றுக்கு 1/500 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் ஐஎஸ்ஸுக்கு அதிக வேலையில்லை. உட்கார்ந்து பாடுபவருக்கு 1/200-உம் ஒரு மோனோபாடும் (ஒற்றைக் கால் தாங்கி) போதும். 1995-இல் வந்த, ஐஎஸ் இல்லாத கேனான் 70-200 எஃப் 2.8 இன்றும் நல்ல பேரம். கேனானின் ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டாலும் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். நிக்கானில் எச்சரிக்கை தேவை. 80-200 எஃப் 2.8 டி லென்ஸுக்குள் (ஏஎஃப்-எஸ் என்று குறித்த வகை தவிர) ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசை கேமராக்களிலும், எஃப்டிஇசட் அடாப்டர் போட்ட இசட் வரிசை மிரர்லெஸ் கேமராக்களிலும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். விலை குறைவு என்று வாங்கிவிட்டுத் தவிப்பது பெரும்பாலும் இந்த லென்ஸில்தான்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் முதல் எதிரி பூஞ்சை. துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் வேண்டாம்; சுத்தம் செய்தாலும் கண்ணாடிப் பூச்சில் அரித்த தடம் போகாது. நூல் இல்லாமல் புகை படிந்தாற்போல இருந்தாலும் ஆபத்துதான். கடையில் எடுக்கும் படத்தில் அது தெரியாது; பாடகருக்குப் பின்னாலிருந்து எல்ஈடி விளக்கு லென்ஸைப் பார்த்து அடிக்கும்போது படம் முழுவதும் வெளுத்துவிடும். முன் கண்ணாடியில் ஓரிரு மயிரிழைக் கீறல்களைப் பொறுக்கலாம், பேரம் பேசவும் உதவும். பின் கண்ணாடியில் கீறல் கூடாது.

அடுத்து துளை இதழ்கள். மேனுவல் முறையில் எஃப் 2.8, 8, 16 என்று மாற்றி, அதற்கு ஈடாக ஷட்டரையும் மாற்றி ஒரே சுவரை எடுங்கள். 16-இல் படம் அதிக வெளிச்சமாக வந்தால், இதழில் எண்ணெய் ஏறி மெதுவாக மூடுகிறது என்று பொருள். பிறகு ஒரு செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் ஒட்டி (தங்கள் நாளிதழே போதும்!), நேர் எதிரே நின்று எஃப் 2.8-இல் எடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து உள்கண்ணாடி நகர்ந்திருக்கக்கூடும். மவுன்ட் (கேமராவோடு பொருந்தும் வளையம்) திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

ஃபோகஸ் சோதனையை 5 மீட்டரில் செய்யுங்கள். 200 மி.மீ., எஃப் 2.8-இல் அந்தத் தூரத்தில் கூர்மை சுமார் 10 செ.மீ. ஆழத்துக்குத்தான் இருக்கும், 15 மீட்டரில் அது 90 செ.மீ. ஆகிவிடுவதால் பிழை ஒளிந்துகொள்ளும். கண்ணைக் குறிவைத்தும் மைக்கில் கூர்மை விழுகிறதென்றால், டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் திருத்தம் தேவை. அந்த வசதி உங்கள் கேமராவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மோட்டார் கீச்சிட்டால் விலகிவிடுங்கள். பழைய மாடலாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வீஸ் சென்டரில் உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பெட்டியிலும் பில்லிலும் உள்ள சீரியல் எண் லென்ஸில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

வாங்கிய லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரமானியும் வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தினால் மறுபடியும் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.